கடல் வண்ண மீனின் உடலில் புள்ளியா? மருந்துக்கு முன் மூச்சைக் கவனியுங்கள்

நெல் வயலில் இலை மஞ்சளாகத் தெரிந்தால் உடனே யூரியாவைத் தூவிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்த மஞ்சள் துத்தநாகச் சத்துக் குறையாலும் வரலாம், துங்ரோ நோயாலும் வரலாம், வடிகால் இல்லாமல் நீர் தேங்கியதாலும் வரலாம். காரணம் அறியாமல் இடும் உரம் வீண் செலவு. சில சமயம் கேடும்கூட. கண்ணாடித் தொட்டியில் கடல் வண்ண மீன் வளர்ப்போருக்கும் இதே நிலைதான். மீனின் உடலில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். மறுநாள் நோயுள்ள மீனோடு சேர்ந்து இறாலும், கடல் சாமந்தியும், பவள உயிர்களும் மடிந்து கிடக்கின்றன.

கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உருவாக்கித் தந்துள்ளன. இதனால் கடல் வண்ண மீன் வளர்ப்பைச் சிறு தொழிலாக மேற்கொள்ளவும் வழி பிறந்துள்ளது. முட்டையிடும் ஒரு ஜோடியை இழப்பது, கறவை மாட்டை இழப்பதற்கு ஒப்பாகும். ஆகவே மீனின் தோலில் காணும் அடையாளங்களைப் பிரித்தறியும் முறையைத் தொழிலாக வளர்ப்போரும், வீட்டில் அழகுக்காக வளர்ப்போரும் தெரிந்திருப்பது அவசியம்.

தோல் ஏன் முக்கியம்?

கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு இருக்கிறது. மீனின் இரத்தத்தில் உள்ள உப்போ ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே கடல் மீனின் உடலிலுள்ள நீர் எந்நேரமும் வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். இதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. தோலும், அதன் மேலுள்ள வழுவழுப்பான படலமும்தான் இந்த நீரிழப்பைத் தடுக்கும் வேலி. வேலி பிய்ந்தால், தண்ணீருக்குள் இருந்துகொண்டே மீன் நீர் வற்றிச் சாகும். கிருமிகளும் அந்த வழியே உள்ளே நுழையும். தோலில் காணும் சிறு அடையாளத்தைக்கூட அலட்சியம் செய்யலாகாது என்பது இதனால்தான்.

பார்க்கும் முறை

அடையாளத்தைக் கண்டதும் மருந்தைத் தேடாமல், பத்து நிமிடம் தொட்டியின் முன் அமர்ந்து கீழ்க்கண்ட ஐந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. மூச்சு: செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது? மீன் நலமாக இருக்கும் நாளிலேயே இதை எண்ணி எழுதி வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

2. இரை: வழக்கம்போல் ஓடி வந்து தின்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா?

3. அளவும் வடிவமும்: புள்ளி மாவு போன்றதா, உப்புக்கல் போன்றதா, முடிச்சா, குழியா, புண்ணா? டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் புள்ளி மேடாக இருக்கிறதா, வெறும் நிறமா என்பது தெரியும்.

4. எண்ணிக்கை: ஒரு மீனில் மட்டுமா, எல்லா மீன்களிலுமா? உடலின் ஒரு பக்கத்திலா, இரு பக்கத்திலுமா?

5. காலம்: புள்ளி எப்போது தோன்றியது? நேற்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா, இடம் மாறுகிறதா?

இவற்றுள் முதலிடம் மூச்சுக்கே. எவ்வளவு அவசரம் என்பதை மூச்சு சொல்லும். எந்த மருந்து என்பதைப் புள்ளி சொல்லும். புள்ளிகள் நிறைய இருந்தும் மீன் நன்றாக மூச்சு விட்டு இரை தின்றால், யோசிக்க அவகாசம் உண்டு. புள்ளியே சரியாகத் தெரியாத மீன் வேகமாக இரைக்கிறது என்றால் அன்றைய பொழுதைக்கூட வீணாக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓடாதபோதும், தண்ணீரில் அம்மோனியா கூடியபோதும் எல்லா மீன்களும் ஒரே சமயத்தில் இரைக்கும். அது தோல் நோயன்று. காற்றோட்டத்தைச் சரிசெய்து, தண்ணீரைச் சோதித்து, ஒரு பகுதியை மாற்றினால் தீரும். எந்த நோயைச் சந்தேகித்தாலும் முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுவதே முறை.

நோயல்லாத அடையாளங்கள்

எல்லா அடையாளமும் நோயாகிவிடாது. மஞ்சள் டாங் மீன் இரவில் நிறம் மங்கி, உடலின் நடுவே வெளிறிய பட்டையோடு காணப்படும். விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர வளர வளையங்கள் கலைந்து மஞ்சள் கோடுகளாக மாறும். இடையில் உள்ள மாதங்களில் அதைப் பார்ப்பவர் நோய் என்றே எண்ணுவார். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களில் வெள்ளைப் பட்டை பாதியில் நின்றிருப்பதும், கோணலாக இருப்பதும் பிறவிக் குறையே. புதிய கடல் சாமந்தியிலோ பவளத்திலோ உரசத் தொடங்கிய கோமாளி மீனின் உடலில் கருமையான திட்டுகள் தோன்றிச் சில வாரங்களில் மறைவதும் உண்டு.

துடுப்பு கிழிந்திருப்பது, ஒரு பக்கத்தில் மட்டும் செதில் உரிந்திருப்பது, கீறல் இருப்பது ஆகியவை பெரும்பாலும் சண்டையின் விளைவு. இதற்கு மருந்து, சண்டைக்கார மீனைப் பிரித்து வைப்பதுதான்.

உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளி

உடலிலும் துடுப்பிலும் உப்புக்கல் தூவியது போல வெண்புள்ளிகள் மேடாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் கிரிப்டோகாரியான் இர்ரிடன்ஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. மீன் பாறையிலும் மணலிலும் உடலைத் தேய்த்துக்கொள்ளும். நன்னீர் மீன்களில் வரும் வெண்புள்ளி நோயின் கிருமி வேறு; அதற்கான மருந்து இதற்குப் பொருந்தும் என எண்ணக் கூடாது.

இந்நோயில் வளர்ப்போர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாட்கள் வரை இருந்து தின்று பெருத்த பின், தானாகவே மீனை விட்டு விழுந்துவிடும். மீன் பளிச்சென்று ஆகிவிடும். "மருந்து கேட்டுவிட்டது" என்று மகிழ்கிறோம். உண்மையில் விழுந்த ஒட்டுண்ணி மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டி, ஒரு கூட்டிலிருந்து 200 வரை குஞ்சுகளை வெளியிடுகிறது. கூடு வெடிக்கச் சில நாட்களும் ஆகலாம், 72 நாட்கள் வரையும் ஆகலாம். ஆகவே புள்ளி மறைவது குணமாவதற்கு அடையாளமன்று. அடுத்த படையெடுப்புக்கு முன்னறிவிப்பாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டாம் முறை புள்ளிகள் முன்னிலும் பன்மடங்காக வரும்.

தோலுக்கடியிலும் கூட்டுக்குள்ளும் இருக்கும்போது மருந்து இதைத் தொடாது. நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே கொல்ல முடியும். அதனால்தான் மருந்தை ஒருநாள் இட்டு நிறுத்தாமல், 3 முதல் 6 வாரம் வரை விடாமல் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

மருந்தில்லா முறையும் உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆக நான்கு முறை, மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். விழுந்த ஒட்டுண்ணி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். காலி செய்த தொட்டியையும், வலை, குழாய் முதலியவற்றையும் கழுவி வெயிலில் நன்கு காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். மீன்களையெல்லாம் வெளியே எடுத்த பெரிய தொட்டியை 11 வாரம் மீனின்றி விட்டுவைத்தால், அதிலுள்ள ஒட்டுண்ணி இரையின்றி அழிந்துபோகும். இறாலும் பவளமும் அதிலேயே இருக்கலாம். இவ்வொட்டுண்ணி அவற்றைத் தாக்குவதில்லை.

மாவு பூசியது போன்ற படிவு

புள்ளிகள் உப்புக்கல்லைவிட மிக நுண்ணியதாக, பழுப்பு அல்லது தங்க நிற மாவைத் தூவியது போலப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்தால், அது அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கும். வெல்வெட் நோய் என்று வளர்ப்போர் சொல்வது இதைத்தான். இது முதலில் செவுளைத் தாக்குகிறது. எனவே தோலில் எதுவும் தெரியுமுன்னரே மீன் இரைக்கும், இரையை மறுக்கும், நீர் வேகமாகப் பாயும் இடத்தில் போய் நிற்கும். பலமான தாக்குதலில் ஒரு நாளுக்குள்ளேயே மீன்கள் இறப்பதுண்டு. விழுந்த ஒரு ஒட்டுண்ணி 256 குஞ்சுகள் வரை பெருகும்.

நுண்ணிய படிவும் வேகமான மூச்சும் சேர்ந்து காணப்பட்டால் காத்திருக்க வேண்டாம். உடனே எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிரச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். நன்னீரில் சில நிமிடம் விட்டெடுத்தால் சில ஒட்டுண்ணிகள் விழுந்து தற்காலிக ஆறுதல் கிடைக்கும். இவ்வொட்டுண்ணி உப்புக் குறைந்த நீரிலும் நன்றாக வாழும். ஆகவே தண்ணீரின் உப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பது மீனைப் பறிகொடுப்பதற்கே வழி.

கோமாளி மீனின் உரியும் தோல்

வாங்கி வந்த சில நாட்களில் கோமாளி மீன் சோர்ந்து, உடல் முழுதும் கஞ்சி படிந்தது போல வெண்மையான வழுவழுப்பு திரண்டு, திட்டுத் திட்டாக உரிந்து தொங்கினால், அது புரூக்லினெல்லா என்னும் ஒட்டுண்ணி. இங்கே தனிப் புள்ளிகள் இரா, படலமாகவே இருக்கும். இதுவும் சில நாட்களில் கொல்லும் நோய்.

இதற்குத் தாமிரம் பயன்படாது. வெண்புள்ளி நோய் என்று தவறாகக் கருதி மயில்துத்தம் இட்டவர், மருந்து வேலை செய்வதாக நம்பிக் காத்திருக்கும் நாட்களிலேயே மீனை இழந்துவிடுவார். இதற்குரியது ஃபார்மலின். தனிப் பாத்திரத்தில் 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி ஃபார்மலின் கலந்து, காற்றுக் குழாயைப் பலமாக விட்டு, மீனை 30 நிமிடம் வரை வைத்திருந்து, பின் மருந்தில்லாத சுத்தமான தொட்டிக்கு மாற்ற வேண்டும். மீன் சாய்ந்தாலோ தத்தளித்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கும் ஃபார்மலின் மீனுக்குக் கொடிய விஷம்; அதைத் தொடவே வேண்டாம். இம்மருந்து மனிதருக்கும் தீங்கானது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது கையாள வேண்டும்.

காலிஃபிளவர் போன்ற முடிச்சு

துடுப்பின் ஓரத்திலோ வாயருகிலோ வெண்மையான சிறு முடிச்சுகள் தோன்றி, நாளடைவில் காலிஃபிளவர் பூப்போலத் திரண்டால் அது லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய். முடிச்சு நாள்தோறும் அதே இடத்திலேயே இருக்கும். மீன் நன்றாக மூச்சு விடும், இரை தின்னும்.

பார்க்க அருவருப்பாக இருப்பதால் வளர்ப்போரை அதிகம் பயமுறுத்துவது இந்நோய்தான். ஆனால் இது பெரும்பாலும் கொல்வதில்லை. இதற்கு மருந்தும் இல்லை. நல்ல தண்ணீர், சத்தான இரை, சண்டையில்லாத இடம் ஆகியவை அமைந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக உதிர்ந்துவிடும். முடிச்சைக் கிள்ளுவதும் சுரண்டுவதும் கூடாது. இதற்காகத் தாமிரமோ ஃபார்மலினோ இடுவது நோயற்ற உடலுக்கு நஞ்சு கொடுப்பதற்குச் சமம். வாயை அடைத்து இரை தின்ன முடியாமல் செய்தால் மட்டும் மீன் நோய் அறிந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கரும்புள்ளியும் மங்கிய கண்ணும்

மஞ்சள் டாங் போன்ற வெளிர் நிற மீன்களில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தோன்றினால், அவை சிறு தட்டைப் புழுக்களாக இருக்கலாம். வேறு சில தட்டைப் புழுக்கள் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. மீனின் மேல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியா. மீன் உடலைத் தேய்த்துக்கொள்வதும், கண் மங்குவதும், தோல் திட்டாக வெளிறுவதும்தான் அறிகுறி.

இவற்றைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்றுண்டு. குளோரின் இல்லாத நன்னீரைத் தொட்டி நீரின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சிறிது சமையல் சோடா கலந்து அதன் கார நிலையைக் கடல்நீர் அளவுக்கு உயர்த்தி, காற்றும் விட்டு, மீனை 3 முதல் 5 நிமிடம் அதில் விடவேண்டும். கண்ணுக்குத் தெரியாதிருந்த புழுக்கள் வெண்மையாகி, எள் போலப் பாத்திரத்தின் அடியில் விழும். அடி கறுப்பான பாத்திரம் நல்லது. புழு விழுந்தால் நோய் உறுதி. பிரசிகுவாண்டல் என்னும் மருந்து இதற்கு ஏற்றது. புழுவின் முட்டைகளை அது கொல்லாதாகையால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறையும் கொடுக்க வேண்டும்.

குழிகளும் சிவந்த புண்களும்

டாங், ஏஞ்சல் மீன்களின் கண்ணைச் சுற்றியும், பக்கக் கோட்டிலும் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் விழுந்து விரிவதுண்டு. இது மெதுவாக வளர்வது, ஒட்டுண்ணி அன்று. கரித்தூள் வடிப்பானை முழுநேரமும் ஓடவிட்ட தொட்டியில் டாங் இன மீன்களுக்கு இக்குழிகள் தோன்றியதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது. கரியை நீக்கி, கடற்பாசியும் சத்துச் சேர்த்த இரையும் கொடுத்தால் பலன் தெரியும்.

இதற்கு மாறாக, குரோமிஸ் போன்ற சிறு மீன்களின் பக்கவாட்டில் இரத்தச் சிவப்பாகப் புண் தோன்றினால் யூரோனீமா என்னும் ஒட்டுண்ணியையோ, விப்ரியோ போன்ற பாக்டீரியாவையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டும் அவசரமானவை, பார்வையால் மட்டும் பிரிக்க முடியாதவை. புண்ணின் ஓரத்திலிருந்து எடுத்த வழுவழுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் நீந்தும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பாக்டீரியாக் கொல்லி மருந்துகளைத் தாமாக வாங்கித் தொட்டியில் கொட்டினால், தண்ணீரைத் தூய்மைப்படுத்தும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து அம்மோனியா ஏறும்.

மயில்துத்தக் கணக்கு

வெண்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் தேவை. இதற்குக் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் மீனுக்கே ஆபத்து. மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் தாமிரம். இவ்வளவு சிறிய அளவை நேரடியாக எடை போட முடியாது. ஆகவே தூய மயில்துத்தம் 3.93 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இக்கரைசலில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் தாமிரம் இருக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு 15 முதல் 20 மில்லி போதும். அதையும் ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்ற வேண்டும். வெல்வெட் நோயில் மட்டும் இரண்டு நாளைக்கு மேல் இழுக்கக் கூடாது.

மணலும் பவளப் பாறையும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மணலில்லாத தனித் தொட்டியில்தான் சிகிச்சை செய்ய வேண்டும். தாமிரச் சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளவு பார்த்து, குறைந்ததை மட்டும் ஈடுசெய்ய வேண்டும். இறால், சங்கு, பவளம், கடல் சாமந்தி ஆகியவற்றைத் தாமிரம் கொன்றுவிடும். உப்புக் குறைந்த நீரில் தாமிரத்தின் நஞ்சு கூடும். இரு முறைகளையும் சேர்க்கலாகாது. கடையில் விற்கும் கூட்டுத் தாமிர மருந்துகளின் அளவு வேறு. அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

வருமுன் காத்தல்

மேலே சொன்ன ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை புதிதாக வாங்கும் மீனோடுதான் வருகின்றன. எனவே எந்தப் புதிய மீனையும் குறைந்தது 30 நாள் தனிமைத் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு விட வேண்டும். இதற்கு ஆடம்பரம் தேவையில்லை. மணலில்லாத ஒரு சிறு தொட்டி, காற்றுக் குழாய், ஒரு வடிப்பான், மீன் ஒளிய ஒரு குழாய்த் துண்டு போதும். அதற்கென்று தனி வலை இருப்பது முக்கியம்.

நோய் விளங்காதபோது, மீன் இறக்கும்வரை காத்திராமல், உயிரோடிருக்கும் நோயுற்ற மீனைக் கொண்டுபோய்க் காட்டுவதே மேல். இறந்த மீனை விட்டு ஒட்டுண்ணிகள் விரைவில் நீங்கிவிடும். பிறகு சோதித்துப் பயனில்லை. 1977-இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற நிலையங்களை இதற்கு அணுகிக் கேட்கலாம். போகும்போது மூச்சு எண்ணிக்கை, இரை, புள்ளி தோன்றிய நாள், தண்ணீர்ச் சோதனை விவரம், இதுவரை இட்ட மருந்து ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். அந்த ஒரு தாள் இருந்தால் நோயறிவோரின் வேலை பாதி முடிந்தது போல.